கொப்புளிப்பானா, அம்மாளா, சின்னமுத்தா? சிக்கன் பொக்ஸ் என்ற சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். கலமைன் லோஷன் வாங்க வருகிறவர்கள் வருத்தத்தின் பெயரை ஒரே மாதிரிச் சொல்வதில்லை. சாம்பல்தீவுப் பக்கமிருந்து வரும் அம்மா குரலைத் தாழ்த்தி, "வீட்டில அம்மாள் வந்திருக்கிறா" என்பார். பள்ளிக்கூட ஆசிரியர் கொப்புளிப்பான் என்பார். கம்பஸில் படிக்கும் பிள்ளை சிக்கன் பொக்ஸ் என்னும். சிங்களத்தில் கேட்பவர்கள் பெபொல என்பார்கள். கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு வருபவர்கள் சின்னம்மை என்பார்கள். இந்த ஐந்தும் ஒரே நோய். ஆறாவதாக ஒரு சொல் இருக்கிறது: சின்னமுத்து. அது வேறு நோய். அந்த ஆறாவது சொல்லால் எங்கள் வீட்டிலேயே ஒரு குழப்பம் நடந்தது. அதை இரண்டாவது கேள்வியில் சொல்கிறேன்.

சிக்கன் பொக்ஸ் என்பதற்குத் தமிழில் சரியான சொல் எது?

இலங்கையில் கொப்புளிப்பான். தமிழ்நாட்டில் சின்னம்மை. இரண்டும் சரி, இடம்தான் வேறு.

கொப்புளம் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். தோலில் நீர் கோத்து எழும்புவது கொப்புளம். அதை எழுப்புகிற வருத்தம் கொப்புளிப்பான். தோலில் வரும் கரப்பான் என்ற நோயின் பெயரும் இதே மாதிரி 'ஆன்' என்றுதான் முடியும். எங்கள் ஊரிலும் யாழ்ப்பாணப் பக்கத்திலும் சிலர் பொக்குளிப்பான் என்று சொல்வார்கள். அது பிழையான உச்சரிப்பு என்று சிறுபிள்ளைகளைத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருத்தத் தேவையில்லை. கொப்புளத்துக்குப் பொக்குளம் என்றும் ஒரு பழைய வடிவம் தமிழில் இருக்கிறது, அதிலிருந்து வந்தது பொக்குளிப்பான். எழுதும்போது கொப்புளிப்பான் என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும், அவ்வளவுதான். கொப்பளிப்பான் என்றும் எழுதுவார்கள்.

எனக்குப் பிடித்த சொல் இதுதான். பயமும் இல்லை, மறைவும் இல்லை. கண்ணில் தெரிவதை அப்படியே சொல்கிறது. நோயை அடையாளம் காண உதவுகிற பெயர்.

சின்னமுத்தும் சின்னம்மையும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

சின்னம்மை என்பது தமிழ்நாட்டு வழக்கில் கொப்புளிப்பான். சின்னமுத்து என்பது இலங்கை வழக்கில் வேறு நோய், தமிழ்நாட்டில் அதைத் தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் சொல்வார்கள். இரண்டு சொல்லிலும் 'சின்ன' இருக்கிறது. அம்மைக்கு முத்து என்றும் பெயர் உண்டு. அதனால் காதில் விழும்போது ஒன்றுபோலவே இருக்கிறது. இந்தியத் தொலைக்காட்சியையும் இந்தியத் தமிழ் இணையப் பக்கங்களையும் நாளெல்லாம் பார்க்கிற நமக்கு இரண்டும் கலந்துபோவது இயல்பு.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள், அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. உப்புவெளியில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பொடியனை ஒரு பின்னேரம் மடியில் வைத்துச் சோறு தீத்தியிருக்கிறாள். அடுத்த நாள் காலையில் அவனுக்கு உடம்பில் போட்டுவிட்டது. "சின்னமுத்து போல கிடக்கு" என்று அவனுடைய தாய் சொல்ல, அக்காவும் அதே சொல்லைத் தொலைபேசியில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற ஓர் இடத்துக்குச் சொல்லியிருக்கிறா. "எம்எம்ஆர் ஊசி போட்டவவா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஓம், போட்டவ. "அப்ப பயப்படத் தேவையில்லை." கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் அது. எம்எம்ஆர் சின்னமுத்துக்கும் கூகைக்கட்டுக்கும் ருபெல்லாவுக்கும் எதிரான ஊசி. கொப்புளிப்பானுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது.

மூன்று நாள் கழித்து நான் அங்கே போனபோது பொடியன் வாசற்படியில் இருந்தான். முதுகைப் பார்த்தேன். சிவந்த புள்ளி ஒன்று, அதற்குப் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த கொப்புளம், அதற்குக் கீழே காய்ந்து கறுத்த பொருக்கு, எல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். அது சின்னமுத்து இல்லை. அன்றைக்கே பெறாமகளைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு உடம்பில் ஏற்கெனவே இருந்தது. சின்ன வயதில் அவளுக்கு வந்து போயிருக்கிறது, அக்காதான் மறந்துபோயிருக்கிறா. நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த எதிர்ப்பு இல்லாத ஒரு கர்ப்பிணியாக இருந்திருந்தால் அந்த மூன்று நாளும் பெரிய இழப்பு. தொடர்பு ஏற்பட்டுப் பத்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டிய பாதுகாப்பு ஊசி ஒன்று இருக்கிறது, அதுவும் முந்திக் கொடுக்கக் கொடுக்க நல்லது.

பார்த்து எப்படிப் பிரித்தறிவது?

கொப்புளிப்பானில் முதலில் முகம், மார்பு, முதுகு என்று நடுவுடம்பில்தான் கூடுதலாகப் போடும். பிறகு கை காலுக்குப் பரவும். ஒரே தரத்தில் போட்டு முடியாது, இரண்டு மூன்று நாள் புதிது புதிதாக எழும்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு என்று எல்லாப் பருவமும் ஒரே இடத்தில் தெரியும். தலைமயிருக்குள்ளும் வாய்க்குள்ளும் கூடப் பாருங்கள். கடி தாங்க முடியாது.

சின்னமுத்தில் தண்ணீர் கோத்த கொப்புளம் இருக்காது. கடும் காய்ச்சல், இருமல், மூக்கால் ஓடுதல், கண் சிவத்தல் ஆகியவை மூன்று நாலு நாள் முன்னதாக வந்துவிடும். பிறகு காதுக்குப் பின்னாலும் முகத்திலும் சிவப்புத் தடிப்பாகத் தொடங்கிக் கீழே இறங்கும். சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கைக்கு அங்கீகாரம் கிடைத்தது. 2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது. ஆகவே அந்தச் சொல்லையும் ஓரமாக வைத்துவிட முடியாது.

சந்தேகம் இருந்தால் கைப்பேசியில் வெளிச்சமான இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். படத்துக்குப் பெயர் குழப்பம் இல்லை.

பெயரில் ஏன் சிக்கன் இருக்கிறது? கோழியிலிருந்து தொற்றுமா?

தொற்றாது. கோழிக்கும் இந்த வருத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே வரும்.

பொக்ஸ் என்பது ஆங்கிலத்தில் பழைய பன்மைச் சொல், கொப்புளங்கள் என்றுதான் பொருள். சிக்கன் எப்படி ஒட்டியது என்பதற்கு ஒரே முடிவான விளக்கம் இல்லை, சில ஊகங்கள் இருக்கின்றன. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பெரிய ஆபத்து இல்லாத நோய் என்பதால் அப்படிப் பெயர் வந்திருக்கலாம் என்று எழுதினார். பெரியம்மைக்குப் பக்கத்தில் வைத்தால் இது குஞ்சு மாதிரி என்ற எண்ணம். கொப்புளம் கடலை அளவில் இருப்பதால் கடலையின் ஆங்கிலப் பெயரான சிக்பீயிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். (நம் ஊரில் கடற்கரையில் சுண்டல் போட்டு விற்கிற கடலையைத்தான் சொல்கிறேன், கச்சானை அல்ல.) கோழி கொத்திய தழும்பு மாதிரி இருப்பதால் என்று இன்னொரு கதையும் உண்டு.

வடமொழி மருத்துவ நூல்கள் பெரியம்மையை மசூரிகா என்றன. அது மசூர்ப் பருப்பின் பெயர், நாங்கள் மைசூர்ப் பருப்பு என்று வாங்கிச் சமைக்கிற அதே சிவப்புப் பருப்பு. தமிழில் அதே கொப்புளத்தை முத்து என்றோம். ஓரிடத்தில் பருப்பு, ஓரிடத்தில் கடலை, நமக்கு முத்து. கொப்புளத்தைக் கிட்டப் பார்த்தவர்கள்தான் இந்தப் பெயர்களை எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

மருத்துவச் சீட்டில் வரிசெல்லா என்று எழுதியிருக்கிறது. அது என்ன?

அதே கொப்புளிப்பான்தான். பெரியம்மைக்கு இலத்தீனில் வரியோலா என்று பெயர். அதன் குறுக்கம் வரிசெல்லா, அதாவது 'சின்ன வரியோலா'. சின்னம்மை என்ற தமிழ்ச் சொல்லும் அதே வழியில்தான் போகிறது.

ஆனால் சின்னது பெரியது என்ற இந்தப் பெயர்கள் ஒரு பிழையையும் நம் தலைக்குள் வைத்துவிட்டன: இரண்டும் ஒரே நோய், ஒன்று கடுமை, மற்றது இலேசு என்று. நெடுங்காலம் வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1767இல் இலண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இரண்டும் வெவ்வேறு என்று தெளிவாகக் காட்டினார். கொப்புளிப்பானை உண்டாக்குகிற வைரஸ் ஹேர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரியம்மை வைரஸ் முற்றிலும் வேறு குடும்பம்.

ஏன் அம்மாள் என்று சொல்கிறோம்?

அம்மை என்றால் தாய். அம்மன் என்றாலும் தாய். வெக்கையும் கொப்புளமுமாக வருகிற வருத்தத்தை மாரியம்மன் வந்து தங்குவதாக நம் ஆட்கள் நினைத்தார்கள். மாரி என்றால் மழை. முத்துமாரி என்ற பெயரைக் காதால் கேளுங்கள், முத்தாகப் பொழிகிறவள். உடம்பில் எழும்பும் கொப்புளம் அவள் போட்ட முத்து. சாம்பல்தீவுப் பக்கத்தில் கடலோரத்தில் இருக்கிற சல்லி முத்துமாரியம்மன் கோவிலுக்கு நேர்த்தி வைக்காத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு. பிள்ளைக்குப் போட்டவுடன் தாய் வாயில் முதலில் வருகிற பெயரும் அதுதான்.

கிழக்கில் இதோடு கண்ணகியும் சேர்ந்துகொள்கிறாள். மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளைக் குளிரப் பண்ணுவதற்காக வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோவில்களில் குளிர்த்தி நடக்கும். வெப்பு நோய்க்குக் குளிர்மை செய்கிறவள் அவளே என்பது நம்பிக்கை. சிங்கள மக்கள் அதே கண்ணகியைப் பத்தினித் தெய்யோ என்று வணங்குகிறார்கள். இந்த வகை நோய்களை அவர்கள் 'அம்மாவருன்கே லெட' என்பார்கள், அம்மாமாரின் வருத்தம் என்று பொருள். எங்கள் பாமசிக்கு வருகிற ஒரு சிங்கள ஆச்சி அப்படிச் சொன்னபோது பக்கத்தில் நின்ற தமிழ் அம்மா, "எங்கட ஆக்களும் அப்படித்தான் சொல்லுறது" என்று சொல்ல, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேப்பிலை பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

இலக்கணத்திலும் ஒரு அழகு இருக்கிறது. கொப்புளிப்பான் 'ஆன்' என்று முடிந்தாலும், "கொப்புளிப்பான் வந்திருக்கு" என்று அஃறிணையில்தான் சொல்வோம். ஆனால் அதே வருத்தத்தை அம்மாள் என்றவுடன் வாய் தானாக மாறிவிடும்: "அம்மாள் வந்திருக்கிறா", "அம்மாள் இறங்கிட்டா". நோய்க்கு உயர்திணை வினைமுற்று, மரியாதையோடு. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

அப்படிச் சொல்வது மூடநம்பிக்கையா? விட்டுவிட வேண்டுமா?

நான் விடச் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கொப்புளிப்பான் போட்டபோது எங்கள் அம்மா படலையில் வேப்பிலைக் கொத்துச் செருகினா. வந்த ஆட்களிடம், "உள்ளுக்கு வராதேங்கோ, அம்மாள் நிக்கிறா" என்றா. ஒருவரும் கோபிக்கவில்லை, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, படலைக்கு வெளியிலேயே நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்குத் தனிமைப்படுத்தல் என்று அறிவிப்புப் போட்டு மக்களை வீட்டில் வைக்க எவ்வளவு பாடுபடுகிறோம். அந்தக் கொத்து அதைச் செய்தது. நோயாளிக்கு வெட்கம் இல்லை, வீட்டுக்கு அவப்பெயர் இல்லை. பிள்ளையைத் தனி அறையில், சுத்தமான பருத்தித் துணியில், சத்தமில்லாமல் வைத்திருந்தார்கள். இதில் எதுவும் பிழையில்லை.

பிழை எங்கே வருகிறது என்றால், "அம்மாளுக்கு மருந்து குடுக்கக் கூடாது" என்று சொல்லும்போது. முப்பது நாற்பது வயதில் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாள் கோபிப்பா என்று வீட்டில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். வளர்ந்தவர்களுக்கு இந்த வருத்தம் பிள்ளைகளுக்கு வருவதைவிடக் கடுமை, நியூமோனியாவாக மாறலாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்ன வயதில் வராமல் தப்பி, வளர்ந்தபின் மாட்டிக்கொள்கிறவர்கள் குளிர்நாடுகளைவிடக் கூடுதல். தாய் என்று அழைத்தவள் பிள்ளை வைத்தியம் செய்வதைத் தடுப்பாளா?

டொக்டரிடம் எந்தச் சொல்லைச் சொல்வது?

எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதோடு மூன்று விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: கண்ணால் கண்டது, தொடங்கிய நாள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். உதாரணமாக: "பிள்ளைக்குத் தண்ணிக் கொப்புளம் போட்டிருக்கு. செவ்வாய்க்கிழமை முதுகில தொடங்கினது. வீட்டில நாலு மாதக் கர்ப்பிணி ஒராள் இருக்கிறா."

எங்கள் மாவட்டத்தில் வைத்தியர் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று யாராகவும் இருக்கலாம். தமிழ் பேசாத டொக்டரிடம் அம்மாள் என்று சொன்னால் அவருக்கு விளங்காமல் போகலாம். பெபொல என்றோ சிக்கன் பொக்ஸ் என்றோ சொல்லுங்கள். சிங்களத்தில் சின்னமுத்துக்குச் சரம்ப என்று பெயர், போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அதை இதற்குச் சொல்லிவிடாதீர்கள்.

கொப்புளிப்பான் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. வைத்தியர் அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிப்பார், அங்கிருந்து பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கு வந்து விசாரிக்கலாம். குற்றம் பிடிக்க வருகிறார் என்று நினைக்க வேண்டாம், பெயரை ஒளிக்கவும் வேண்டாம்.

பள்ளிக்கூட விடுமுறைக் கடிதத்தில் எப்படி எழுதுவது?

"எனது மகனுக்குக் கொப்புளிப்பான் நோய் ஏற்பட்டுள்ளதால், கொப்புளங்கள் முழுமையாகக் காயும்வரை பாடசாலைக்குச் சமுகமளிக்க முடியாதுள்ளது என்பதை அறியத்தருகிறேன்." இவ்வளவு போதும். காய்ச்சல் என்று மட்டும் எழுதுகிற பழக்கம் நல்லதில்லை. அதே வகுப்பு ஆசிரியை கர்ப்பிணியாக இருக்கலாம், பக்கத்து மேசைப் பிள்ளை புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற பிள்ளையாக இருக்கலாம். பெயரை எழுதினால் அவர்களைப் பாதுகாக்க நேரம் கிடைக்கும்.

பெரியம்மை, வைசூரி, குரங்கம்மை எல்லாம் இதன் உறவுகளா?

பெரியம்மையும் வைசூரியும் ஒரே நோயின் இரண்டு பெயர். அந்த நோய் உலகத்தில் இப்போது இல்லை. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் இருந்தார், 1980இல் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குரங்கம்மை பெரியம்மையின் உறவு, கொப்புளிப்பானின் உறவு அல்ல. அம்மை என்ற ஒரு சொல்லின் கீழ் நாம் வைத்திருப்பவை ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இல்லை. தோலில் தெரிவதை வைத்துப் பெயர் வைத்தோம், அதனால் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

பழைய ஆட்கள் "எனக்கு அம்மை குத்தியிருக்கு" என்று கைத்தழும்பைக் காட்டினால் அது பெரியம்மைக்குக் குத்தியது. கொப்புளிப்பானுக்கு அது உதவாது.

அக்கி என்பது வேறா?

பெயர் வேறு, வைரஸ் ஒன்றுதான். கொப்புளிப்பான் மாறினாலும் அதன் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பின் வேருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். வயது போனபின் அல்லது உடம்பு பலவீனப்படும்போது எழும்பி, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டியாகக் கொப்புளம் போடும். எரிவும் வலியும் கடுமை. அக்கி உள்ளவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது, ஆனால் கொப்புளிப்பான் வராத ஒருவருக்குக் கொப்புளிப்பான் தொற்றலாம். எனவே தாத்தாவுக்கு அக்கி என்றால் கைக்குழந்தையை அந்தக் கொப்புளத்தில் படவிடாதீர்கள். கண்ணுக்குப் பக்கத்தில் போட்டால் அன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும். செங்காவி பூசி எழுதுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆனால் அக்கிக்கு நல்ல மாத்திரை இருக்கிறது, கொப்புளம் போட்டு மூன்று நாளுக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும்.

தொற்றியபின் எத்தனை நாளில் தெரியும்?

10 முதல் 21 நாள், பெரும்பாலும் இரண்டு கிழமை. போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னிருந்தே மற்றவருக்குத் தொற்றும். எங்கள் பெறாமகளின் கதையில் சிக்கல் அங்கேதான் இருந்தது.

பாமசியில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

காய்ச்சலுக்குப் பனடோல், அதாவது பரசிற்றமோல், பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில். கடிக்குக் கலமைன் லோஷன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சொறிந்த இடத்தில்தான் சீழ் பிடிக்கும், தழும்பும் நிற்கும்.

பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கொப்புளிப்பானோடு அது சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்குகிற ரேய் நோய் என்ற அரிய ஆபத்து வரலாம். இபுபுரோஃபெனையும் தவிருங்கள், தோலில் கடும் தொற்று வருவதற்கு அது வழி விடலாம். "காய்ச்சல் குளிசை தாங்கோ" என்று மட்டும் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதற்காகத்தான். சொல்லாமல் வாங்கிப் போகாதீர்கள், என்ன வருத்தம் என்று சொல்லுங்கள். அம்மாள் என்றே சொல்லுங்கள், எங்களுக்கு விளங்கும்.

அசைக்குளோவிர் என்ற வைரஸ் மருந்து இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு, கொப்புளம் போட்ட முதல் 24 மணித்தியாலத்துக்குள் அதைத் தொடங்குவது நல்லது. டொக்டரின் சீட்டு வேண்டும்.

மூச்சு எடுக்கக் கஷ்டம், எழுப்ப முடியாத தூக்கம், நிற்காத வாந்தி, கழுத்து விறைப்பு, நாலு நாளுக்கு மேல் காய்ச்சல், கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சுடுதல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைக்கிற மருந்து எடுப்பவர் என்றால் இவை வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்குப் போட்டால் பிறக்கும் குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

இதற்கு ஊசி இருக்கிறதா?

இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷி 1974இல் உருவாக்கினார். அதற்குப் பத்து வருடம் முன்பு அவருடைய மூன்று வயது மகனுக்குக் கொப்புளிப்பான் கடுமையாக வந்து, இரவு முழுக்கக் கட்டிலருகே இருந்து பார்த்த தகப்பன் அவர். இலங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற இலவச ஊசிப் பட்டியலில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துப் போடலாம். இரண்டு முறை போட வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது, கர்ப்பமாவதற்கு முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் கிளினிக்கில் போட்டது எம்எம்ஆர், அதை இதுவென்று எண்ணிவிடாதீர்கள்.

மச்சம் சாப்பிடலாமா?

மருத்துவத்தில் தடை இல்லை. வீட்டில் மரக்கறி மட்டும் என்று நேர்த்தியோடு இருந்தால் அதுவும் நல்லதே, ஆனால் பருப்பு, பால் என்று சத்தைக் குறைக்காதீர்கள். வாய்க்குள் போட்டிருந்தால் பிள்ளைக்கு உறைப்பும் புளியும் எரியும். இளநீர், கஞ்சி, மோர் இறங்கும்.

"முழுக வார்த்தாச்சா?" என்று கேட்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

அம்மாள் வந்த வீட்டில் கடைசி நாளுக்கு இருக்கிற சொல் அது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைப் பிள்ளையின் தலையில் வார்ப்பார்கள். அதோடு அம்மாள் வழியனுப்பப்பட்டா.

அதுவரை மேல் கழுவக் கூடாது என்று பத்து நாள் வரை வைத்திருப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒவ்வொரு நாளும் மெதுவாக மேல் கழுவலாம், கடி குறையும், சீழும் பிடிக்காது. தேய்க்காமல் துவாயால் ஒற்றி எடுங்கள். தலைக்கு வார்ப்பதை வழக்கப்படி கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி நாள் எது என்று பெரிய ஆட்கள் நாளை எண்ணி முடிவு செய்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மா என்னை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, சட்டையைக் கழற்றி, முதுகு, காதின் பின்பக்கம், தலைமயிருக்குள் என்று விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தா. ஒரு முத்தில் ஈரம் இருந்தது. "இன்னும் இல்லை" என்றா. அடுத்த நாளும் பார்த்தா. எல்லாம் காய்ந்து பொருக்கானபின்தான் தண்ணீர் வைத்தா. ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொல்வார்கள்: கடைசிக் கொப்புளம் காய்ந்தால் தொற்றாது, பள்ளிக்கூடம் போகலாம். ஆகவே அயலவர் "முழுக வார்த்தாச்சா?" என்று படலையில் நின்று கேட்டால், உள்ளே வரலாமா என்று கேட்கிறார்கள். ஓம் என்று சொல்வதற்கு முன் தலைமயிருக்குள்ளும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.